காலாண்டு லாபத்தை எதோடு ஒப்பிடுவது?

2025 ஜனவரி 9 அன்று டிசிஎஸ் என்ற மென்பொருள் சேவை நிறுவனம் டிசம்பர் காலாண்டு முடிவுகளை வெளியிட்டது. நிகர லாபம் 12,380 கோடி ரூபாய். செய்தித் தலைப்புகள் ‘12 சதவீத வளர்ச்சி’ என்றன. அதற்கு முந்தைய செப்டம்பர் காலாண்டோடு வைத்துப் பார்த்தால் அதே 12,380 கோடி வெறும் 4 சதவீத வளர்ச்சிதான். முந்தைய ஆண்டு டிசம்பர் காலாண்டில் கழிக்கப்பட்ட ஒரு வழக்குச் செலவைத் திரும்பச் சேர்த்துக்கொண்டு ஒப்பிட்டால் 5.5 சதவீதம். கடைசி நான்கு காலாண்டுகளைக் கூட்டி, முந்தைய ஆண்டின் அதே கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டால் 8.7. நான்கு விடைகளுமே சரியானவை. கேள்விதான் ஒவ்வொரு முறையும் வேறு.

இவற்றில் எதை நோட்டில் எழுதி வைப்பது என்பதுதான் இங்கே பேசப்போவது. நாள்தோறும் வாங்கி விற்பவர்களுக்கு இது பயன்படாது; அவர்களுடைய கணக்கு வேறு. சம்பளத்தில் மிச்சம் பிடித்து நாலைந்து நிறுவனங்களின் பங்குகளை வாங்கி, வருடக்கணக்கில் வைத்திருப்பவரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். அவருக்கு மூன்று வழிகள் உண்டு: முந்தைய காலாண்டோடு ஒப்பிடுவது, சென்ற ஆண்டின் இதே காலாண்டோடு ஒப்பிடுவது, நான்கு காலாண்டுகளின் கூட்டுத்தொகையை உருட்டிக்கொண்டே போவது. என் வாக்கு மூன்றாவதற்கு. ஆனால் அதை மட்டும் நம்பியிருப்பவர் எப்படி ஏமாறுவார் என்பதற்கு யெஸ் பேங்க் கதை இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும்.

முதலில் எண்கள். டிசிஎஸ் பங்குதாரர்களுக்கு உரிய ஒருங்கிணைந்த (துணை நிறுவனங்களையும் சேர்த்த) நிகர லாபம், கோடி ரூபாயில், ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என்ற வரிசையில்:

2021–22: 9,008 | 9,624 | 9,769 | 9,926 (ஆண்டு மொத்தம் 38,327)
2022–23: 9,478 | 10,431 | 10,846 | 11,392 (42,147)
2023–24: 11,074 | 11,342 | 11,058 | 12,434 (45,908)
2024–25: 12,040 | 11,909 | 12,380 | 12,224 (48,553)

டிசிஎஸ்ஸைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் ஒழுங்கு. பெரிய அதிர்ச்சிகள் இல்லாத, சீராக லாபம் காட்டும் நிறுவனம். இதிலேயே ஒப்பீடுகள் இவ்வளவு முரண்பட்டால் மற்றவற்றில் என்ன ஆகும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

முந்தைய காலாண்டு

மேலே உள்ள வரிசைகளில் ஒவ்வொரு ஆண்டின் மார்ச் எண்ணையும் அடுத்த ஆண்டின் ஜூன் எண்ணையும் பாருங்கள். 2022 ஜூனில் லாபம் 4.5 சதவீதம் குறைந்தது. 2023 ஜூனில் 2.8, 2024 ஜூனில் 3.2. மூன்று முறையும் நிறுவனத்துக்குக் கேடு எதுவும் வந்துவிடவில்லை. ஆண்டு ஊதிய உயர்வு வழக்கமாக ஏப்ரலில் நடைமுறைக்கு வருகிறது; ஆட்களின் உழைப்பையே விற்கும் தொழிலில் அந்தச் செலவு ஜூன் காலாண்டு லாபத்தைக் கடிக்கிறது. அவ்வளவுதான்.

இதைவிட வேடிக்கை 2025 ஜூன் காலாண்டில் நடந்தது. லாபம் மார்ச்சைவிட 4.4 சதவீதம் கூடி 12,760 கோடியானது. அதே மூன்று மாதங்களில் வருவாயோ 64,479 கோடியிலிருந்து 63,437 கோடிக்கு இறங்கியிருந்தது. அந்த ஏப்ரலில் ஊதிய உயர்வைத் தள்ளிவைத்திருந்தார்கள். ஆக, தொழில் ஓரளவு நன்றாக நடந்த ஆண்டுகளில் இந்த ஒப்பீடு சரிவைக் காட்டியது. வருவாய் சுருங்கிய காலாண்டில் உயர்வைக் காட்டியது.

பருவம் சார்ந்த தொழில்களில் நிலைமை இன்னும் மோசம். ஏசி விற்கும் நிறுவனத்துக்கு ஏப்ரல்–ஜூன்தான் அறுவடைக் காலம். அதன் செப்டம்பர் காலாண்டு லாபத்தை ஜூனோடு ஒப்பிட்டுச் ‘சரிவு’ என்று எழுதுவது, ஐப்பசியில் வெயில் குறைந்துவிட்டதே என்று வியப்பதற்குச் சமம். நகைக்கடை, உரம், பள்ளி நோட்டுப் புத்தகம் என்று எதை எடுத்தாலும் இதே கதைதான்.

சென்ற ஆண்டின் இதே காலாண்டு

பருவத் தொல்லையை இது தீர்த்துவிடுகிறது. கோடையைக் கோடையோடுதான் ஒப்பிடுகிறோம். செய்தியாளர்களுக்கும் இதுவே வசதி. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி வகுத்த முடிவுத் தாளில் இந்தக் காலாண்டு, முந்தைய காலாண்டு, சென்ற ஆண்டின் இதே காலாண்டு என்று மூன்று பத்திகளும் பக்கம் பக்கமாக இருக்கும். கால்குலேட்டரைத் தட்டினால் தலைப்புச் செய்தி தயார்.

சிக்கல் அடித்தளத்தில், அதாவது ஒப்பிட எடுக்கும் பழைய எண்ணில், இருக்கிறது. 2023 டிசம்பர் காலாண்டில் டிசிஎஸ், அமெரிக்காவின் எபிக் சிஸ்டம்ஸ் நிறுவனத்துடனான வழக்குக்காக 958 கோடி ரூபாயை ஒரே தவணையில் செலவாக எழுதியது. அது இல்லாமல் இருந்திருந்தால், அதனால் குறைந்த வரியையும் கணக்கில் எடுத்தால், லாபம் 11,735 கோடி. வெளியிட்டது 11,058 கோடி; வேறுபாடு 677 கோடி. அந்த ஆண்டில் வளர்ச்சி 2 சதவீதம்தான் என்று தெரிந்தது. பள்ளம் விழுந்த அந்த எண்ணே அடுத்த ஆண்டு ஒப்பீட்டுக்கு அடித்தளமானபோது 12 சதவீத வளர்ச்சி பிறந்தது. இரண்டு ஆண்டுகளிலும் தொழில் அப்படி ஒன்றும் மந்தமாகவும் இல்லை, பாய்ச்சலாகவும் இல்லை.

இதன் உச்சகட்டத்தை வோடஃபோன் ஐடியாவில் காணலாம். தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயை அரசு எப்படிக் கணக்கிடலாம் என்பது குறித்து 2019 அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்படி அரசுக்குக் கட்ட வேண்டிய நிலுவைக்கான ஒதுக்கீட்டைச் சேர்த்து, அந்த செப்டம்பர் காலாண்டில் நிறுவனம் காட்டிய நஷ்டம் 50,922 கோடி ரூபாய். அதுவரை எந்த இந்திய நிறுவனமும் ஒரே காலாண்டில் அவ்வளவு இழந்ததில்லை. அடுத்த ஆண்டு இதே காலாண்டில் நஷ்டம் 7,218 கோடி. கணக்குப்படி பார்த்தால் நஷ்டம் 86 சதவீதம் குறைந்திருக்கிறது! மூன்று மாதத்தில் ஏழாயிரம் கோடிக்கு மேல் இழக்கும் நிறுவனத்தைப் பற்றி இந்தச் சதவீதம் உங்களுக்கு எதுவுமே சொல்லவில்லை. அடித்தளம் நஷ்டமாக இருக்கும்போது சதவீதத்தை எழுதவே கூடாது. ரூபாயை எழுதுங்கள், போதும்.

நான்கு காலாண்டுக் கூட்டுத்தொகை

புதிய காலாண்டு வந்ததும் அதைச் சேர்த்து, ஐந்தாவதாகப் போனதைக் கழித்துவிடுவது. எப்போதும் ஓர் ஆண்டுக் கணக்கு கையில் இருக்கும். கோடையும் இருக்கும், தீபாவளியும் இருக்கும், ஊதிய உயர்வும் இருக்கும். 2024 மார்ச் முதல் 2025 மார்ச் வரை டிசிஎஸ்ஸின் கூட்டுத்தொகை இப்படி நகர்ந்தது: 45,908 – 46,874 – 47,441 – 48,763 – 48,553.

ஒவ்வொன்றையும் ஓராண்டுக்கு முந்தைய கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டால் வளர்ச்சி 8.9, 7.2, 6.2, 8.7, 5.8 சதவீதம். அதே ஐந்து காலாண்டுகளுக்குத் தலைப்புச் செய்தி எண்கள் 9.1, 8.7, 5.0, 12.0, பிறகு மைனஸ் 1.7. இரண்டாவது வரிசையைப் படித்தவர் டிசம்பரில் மகிழ்ந்து மார்ச்சில் திடுக்கிட்டிருப்பார். முதல் வரிசை அவ்வளவு அலைக்கழிக்கவில்லை என்றாலும் டிசம்பரில் அதிலும் ஒரு துள்ளல் இருக்கிறது. அது எபிக் வழக்கின் நிழல்.

அந்த 677 கோடி வேறுபாட்டை 2023 டிசம்பர் எண்ணில் திரும்பச் சேர்த்துவிட்டு மறுபடி கூட்டினேன். வளர்ச்சி வரிசை இப்படி மாறியது: 10.5, 8.7, 7.8, 7.1, 4.2. துள்ளல் மறைந்துவிட்டது. ஒரே திசையில், படிப்படியாக இறங்கும் வளர்ச்சி. இந்தப் பொருளில் எனக்கு மிகவும் பிடித்த எண் வரிசை இது. ‘12 சதவீத வளர்ச்சி’ என்று செய்தி வந்த அதே நாளில், வளர்ச்சி காலாண்டுக்குக் காலாண்டு தேய்ந்துகொண்டிருந்ததை வீட்டில் உட்கார்ந்தபடி யாரும் கண்டுகொண்டிருக்கலாம்.

இந்தக் கூட்டுத்தொகை முடிவுத் தாளில் எந்தப் பத்தியிலும் அச்சாகாது. மார்ச்சில் மட்டும் முழு ஆண்டுக் கணக்கே அதுவாகிவிடும். மற்ற நேரங்களில் பழைய தாள்களைத் தேட வேண்டியதில்லை. சென்ற முழு ஆண்டின் லாபத்தோடு இந்த ஆண்டில் இதுவரையான லாபத்தைக் கூட்டி, சென்ற ஆண்டில் இதே தேதி வரையான லாபத்தைக் கழியுங்கள். மூன்று எண்களும் ஒரே தாளில் இருக்கும். 2024 டிசம்பருக்கு: 45,908 கூட்டல் 36,329 கழித்தல் 33,474, விடை 48,763.

மார்ச் காலாண்டைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. ஜூன், செப்டம்பர், டிசம்பர் எண்களைத் தணிக்கையாளர் மேலோட்டமாகச் சரிபார்த்தாலும் போதும். முழு ஆண்டுக் கணக்குக்குத்தான் முழுத் தணிக்கை. தணிக்கையான ஆண்டு எண்ணிலிருந்து முதல் ஒன்பது மாத எண்ணைக் கழித்தால் மிஞ்சுவதே மார்ச் காலாண்டு; பெரும்பாலான தாள்களின் அடிக்குறிப்பில் இதைச் சொல்லியிருப்பார்கள். ஆண்டு முழுவதும் ஒத்திப்போட்ட திருத்தங்கள் எல்லாம் அந்த மூன்று மாதங்களின் தலையில் விழ இடமுண்டு. கூட்டுத்தொகை பார்ப்பவருக்கு இது பொருட்டே இல்லை. தனிக் காலாண்டைப் பார்ப்பவருக்கு இது பெரிய பொருட்டு.

கூட்டுத்தொகை தூங்கும் இடம்

2018–19இல் யெஸ் பேங்க் காலாண்டு லாபம்: 1,260 கோடி, 965 கோடி, 1,002 கோடி, பிறகு மார்ச்சில் 1,507 கோடி நஷ்டம். வங்கிக்கு அது முதல் காலாண்டு நஷ்டம். ஆனால் நான்கையும் கூட்டினால் 1,720 கோடி லாபம். அடுத்த ஜூனில் 114 கோடி லாபம் காட்டினார்கள். கூட்டுத்தொகை 574 கோடி, இன்னும் லாபத்தில்தான். செப்டம்பரில் 600 கோடி நஷ்டம் வந்த பிறகே கூட்டுத்தொகை நஷ்டத்துக்குள் இறங்கியது. 2019 டிசம்பர் காலாண்டு நஷ்டம் 18,564 கோடி. அது வெளியாவதற்கு முன்பே, 2020 மார்ச் 5 அன்று, ரிசர்வ் வங்கி பணம் எடுப்பதற்குக் கட்டுப்பாடு விதித்துவிட்டது.

மார்ச்சில் அடித்த மணி கூட்டுத்தொகைக்குக் கேட்க ஆறு மாதம் ஆயிற்று. முந்தைய காலாண்டோடு ஒப்பிடுபவருக்கு அன்றே கேட்டிருக்கும். எனவே முதல் வழியை நான் முழுவதும் தள்ளிவிடவில்லை. அதைச் சதவீதமாக எழுத வேண்டாம். ‘லாபம் நஷ்டமாயிற்றா, அல்லது பாதியாகச் சரிந்ததா?’ என்று மட்டும் கேளுங்கள். ஆமாம் என்றால் காரணத்தை அன்றைக்கே படியுங்கள். வங்கி, நிதி நிறுவனம் என்றால் நிகர லாபத்தோடு வாராக்கடன் விகிதத்தையும் கட்டாயம் எழுத வேண்டும். கடனுக்கான ஒதுக்கீட்டைக் கூட்டிக் குறைத்து, வங்கியால் ஒரு காலாண்டு லாபத்தை ஓரளவு வளைக்க முடியும்.

எந்த லாபம்?

ஒரே தாளில் இரண்டு கணக்குகள் இருக்கும். நிறுவனத்தின் தனிக் கணக்கு ஒன்று. துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கு மற்றொன்று. 2018 டிசம்பர் காலாண்டில் டாடா மோட்டார்ஸ் தனிக் கணக்கில் ஏறத்தாழ 618 கோடி லாபம் காட்டியது. ஒருங்கிணைந்த கணக்கில் 26,961 கோடி நஷ்டம். பிரிட்டனில் உள்ள ஜாகுவார் லேண்ட் ரோவரின் சொத்து மதிப்பைக் குறைத்து எழுதியதன் விளைவு அது. இதில் தேர்வு என்று ஒன்றும் இல்லை, ஒருங்கிணைந்ததையே எடுங்கள். முன்பு பல நிறுவனங்கள் காலாண்டுக்கு ஒருங்கிணைந்த கணக்கே தராமல் இருந்தன. 2019 ஏப்ரலிலிருந்து செபி அதைக் கட்டாயமாக்கிவிட்டது.

ஒருங்கிணைந்த கணக்கிலும் லாபத்துக்கு இரண்டு வரிகள் உண்டு. டிசிஎஸ்ஸின் 2024 டிசம்பர் காலாண்டில் மொத்த லாபம் 12,444 கோடி. துணை நிறுவனங்களில் பிறருக்கு உள்ள பங்கைக் கழித்த பிறகு மிஞ்சுவது 12,380. ஒரு இணையதளத்தில் ஒன்றும் இன்னொன்றில் மற்றதும் இருந்தால் குழம்ப வேண்டாம். உங்கள் பங்குக்கு உரியது இரண்டாவது. ஒரு நோட்டில் இரண்டையும் கலந்துவிடாமல் இருப்பதே முக்கியம்.

ஒருமுறைச் செலவுகளைத் திரும்பச் சேர்ப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. எபிக் வழக்கைச் சேர்த்தேன், அது ஒருமுறைதான். 2025 செப்டம்பர் காலாண்டில் டிசிஎஸ் காட்டிய லாபம் 12,075 கோடி. ஆட்குறைப்பு உள்ளிட்ட மறுசீரமைப்புக்கு ஒதுக்கிய 1,135 கோடியை விலக்கிப் பார்த்தால் 12,904 கோடி என்று நிறுவனம் சொன்னது. இதை நான் திரும்பச் சேர்க்க மாட்டேன். ஆட்களை வைத்தே பிழைக்கும் தொழிலில் ஆட்களை அனுப்பும் செலவு தொழிலின் செலவுதான். நீங்கள் வேறு விதமாக நினைக்கலாம். ஆனால் வெளியிட்ட எண்ணுக்கு ஒரு பத்தி, திருத்திய எண்ணுக்கு ஒரு பத்தி என்று இரண்டையும் வைத்திருங்கள். நிறுவனங்கள் நஷ்டத்தைத் திரும்பச் சேர்க்கக் காட்டும் உற்சாகத்தை, நிலம் விற்று வந்த ஒருமுறை லாபத்தைக் கழிப்பதில் அபூர்வமாகவே காட்டும். கழிக்கும் வேலை நம்முடையது.

நிறுவனங்கள் இணையும்போது நிகர லாபம் மட்டும் போதாது. ஹெச்டிஎஃப்சி வங்கியுடன் அதன் தாய் நிறுவனம் 2023 ஜூலை 1 அன்று இணைந்தது. அந்த செப்டம்பர் காலாண்டில் வங்கியின் தனிக் கணக்கு லாபம் 10,606 கோடியிலிருந்து 15,976 கோடியானது. 50 சதவீதத்துக்கு மேல் வளர்ச்சி. பங்குகளின் எண்ணிக்கையும் கூடிவிட்டதால் ஒரு பங்குக்கான லாபம் அன்றைய கணக்கில் சுமார் 19 ரூபாயிலிருந்து 21 ரூபாய்தான் ஆயிற்று. நேர்மாறாக, பங்குகளைத் திரும்ப வாங்கும் நிறுவனத்தில் ஒரு பங்குக்கான லாபம் சற்று வேகமாக வளரும். 2024–25இல் டிசிஎஸ் லாபம் 5.8 சதவீதம் வளர்ந்தது. ஒரு பங்குக்கான லாபம் 125.88 ரூபாயிலிருந்து 134.19 ரூபாயாக, 6.6 சதவீதம் வளர்ந்தது.

சில நிறுவனங்களில் நிகர லாபத்தைக் காலாண்டுதோறும் பின்தொடர்வதே வீண். அமெரிக்காவின் பெர்க்‌ஷயர் ஹாத்வே 2020இன் முதல் காலாண்டில் 49.7 பில்லியன் டாலர் நஷ்டமும் அடுத்த காலாண்டில் 26.3 பில்லியன் டாலர் லாபமும் காட்டியது. கையில் இருக்கும் பங்குகளின் சந்தை விலை ஏறி இறங்குவதை, விற்காவிட்டாலும், லாப நஷ்டத்தில் காட்ட வேண்டும் என்பது அங்குள்ள கணக்கு விதி. அதைப் பார்க்க வேண்டாம் என்று அந்த நிறுவனத்தை நடத்திவந்த வாரன் பஃபெட்டே சொல்லிவந்தார். தொழில்களை நடத்திக் கிடைக்கும் செயல்பாட்டு லாபத்தைப் பாருங்கள் என்றார்.

எங்கிருந்து எடுப்பது

பிஎஸ்இ, என்எஸ்இ ஆகிய பங்குச் சந்தைகளின் தளங்களில் நிறுவனம் பதிவேற்றும் முடிவுத் தாள், நிறுவனத்தின் செய்தி அறிக்கை, எண்களைத் திரட்டித் தரும் இணையதளங்கள், மறுநாள் நாளிதழ். பத்து ஆண்டு வரலாற்றை ஒரே பார்வையில் பார்க்க இணையதளங்களை விட்டால் வழியில்லை. முதல்முறை ஒரு நிறுவனத்தை ஆராயும்போது அதுவே போதும். பங்கை வாங்கிய பிறகு அது போதாது. ஒருமுறைச் செலவு எந்த வரியில் ஒளிந்திருக்கிறது, சென்ற ஆண்டு எண்ணைத் திருத்தி வெளியிட்டிருக்கிறார்களா என்பதெல்லாம் முடிவுத் தாளின் குறிப்புகளில்தான் இருக்கும். செய்தி அறிக்கையைக் கடைசியில் படியுங்கள். எது நன்றாக இருக்கிறதோ அதை முதல் வரியில் போடுவது அதன் இயல்பு.

ஆக, எக்செல் தாளில் ஒரு நிறுவனத்துக்கு ஒரு பக்கம். காலாண்டுக்கு ஒரு வரி. பங்குதாரர்களுக்கு உரிய ஒருங்கிணைந்த லாபம், திருத்திய லாபம், இரண்டுக்கும் நான்கு காலாண்டுக் கூட்டுத்தொகை, ஓராண்டுக்கு முந்தைய கூட்டுத்தொகையோடு வளர்ச்சி, ஒரு பங்குக்கான லாபம், கடைசியில் ஒரு வாக்கியத்தில் காரணம். நாலைந்து நிறுவனங்களுக்கு இது ஒரு மாலை வேலை. முதல் மூன்று காலாண்டுகளுக்கு 45 நாள், மார்ச்சுக்கு 60 நாள் என்று செபி கெடு வைத்திருப்பதால் ஆகஸ்ட் 14, நவம்பர் 14, பிப்ரவரி 14, மே 30 ஆகிய தேதிகளுக்குப் பின் ஒரே தடவையாக உட்கார்ந்தால் எல்லா நிறுவனங்களின் தாளும் வந்திருக்கும். முடிவு வெளியான தேதியையும் அதே வரியில் எழுதுங்கள். வழக்கமாக இரண்டு மூன்று வாரத்தில் முடிவு தரும் நிறுவனம் திடீரென்று கெடுவின் கடைசி நாளுக்கு நகர்ந்திருந்தால், லாபத்தைப் பார்க்கும் முன் தணிக்கையாளரின் குறிப்பைப் படியுங்கள்.